கீலும் பேட்டரியும்: மூன்று மடிக்கணினிகளைக் கழற்றிப் பார்த்த பதிவு

கோடை விடுமுறை தொடங்கிய சமயத்தில், மதுரை பைபாஸ் சாலையை ஒட்டிய எங்கள் வீட்டு மேசைக்கு இரண்டு மடிக்கணினிகள் பழுதுபார்க்க வந்து சேர்ந்தன. முதலாவது, திருமங்கலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் படிக்கும் என் அக்கா மகளுடையது. 2021-இல் ஏறத்தாழ 35,000 ரூபாய்க்கு வாங்கிய, உடல் முழுவதும் பிளாஸ்டிக்காலான 15.6 அங்குல இயந்திரம். இரண்டாவது, மேல ஆவணி மூல வீதியில் அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டர் நண்பருடையது. அதே ஆண்டில் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு வாங்கிய, அலுமினிய உடல் கொண்ட மெல்லிய இயந்திரம். மூன்றாவதாக என்னுடையதையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டேன். அது பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக மொத்தமாக வாங்கும் வகையைச் சேர்ந்தது. 2018-இல் சந்தைக்கு வந்த மாடலை, டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் செகண்ட் ஹேண்டாக 22,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லிக் கொடுக்கும் என்னிடம், விலை கூடிய மடிக்கணினி உண்மையிலேயே உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு ஆண்டும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கிறார்கள். கடைக்காரர் சொல்வதையும் விளம்பரம் சொல்வதையும் ஒதுக்கிவிட்டு, மூன்று வகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழற்றிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பு என்பதால், பழுதுபார்க்கும் வேலையோடு குறிப்பும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா மகளின் இயந்திரத்தில் கோளாறு கண்ணுக்கே தெரிந்தது. “மாமா, மூடியைத் திறக்கிறப்பெல்லாம் டக்குன்னு சத்தம் கேக்குது, இப்ப பின்பக்கம் வாயைப் பிளக்குது” என்றாள். திரையைத் தூக்கும்போது வலதுபுறப் பின்மூலையில் விசைப்பலகைத் தட்டும் கீழ்மூடியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. இந்த வகை இயந்திரங்களில் நான் பார்த்தவற்றுள் மிக அதிகமாக வரும் பழுது இதுதான். மின்னணுப் பகுதியில் ஒரு குறையும் இல்லாமல், கீல் பிடுங்கிக்கொண்ட ஒரே காரணத்துக்காகப் பழைய இரும்புக்கடைக்குப் போகும் மடிக்கணினிகள் ஏராளம்.

கீழ்மூடியின் திருகுகளில் இரண்டு, பின்பக்க ரப்பர் பட்டையின் அடியில் ஒளிந்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்தபின், விளிம்பைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கொக்கிகளைக் காலாவதியான ஏ.டி.எம். அட்டை ஒன்றால் நெம்பி விடுவித்தேன். மூடி கழன்றவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரி இணைப்பைப் பிடுங்குவது. அதற்குமுன் உள்ளே எதையும் தொடக்கூடாது. பிறகு கீலைப் பார்த்தேன். எஃகுக் கீலின் அடித்தகடு, மூன்று சிறு திருகுகளால் பிளாஸ்டிக் தட்டில் பொருத்தப்பட்டிருந்தது. அந்தத் திருகுகள் நேரடியாகப் பிளாஸ்டிக்கில் இறங்குவதில்லை. தட்டோடு சேர்த்து வார்க்கப்பட்ட சிறு தூண்களுக்குள் உட்புறம் மரை வெட்டிய பித்தளை உருளைகளைச் சூடாக்கி அழுத்திப் பதித்திருப்பார்கள். திருகு அந்தப் பித்தளையைத்தான் பிடிக்கும். இங்கே மூன்று உருளைகளும் திருகோடு சேர்ந்து அப்படியே வெளியே வந்திருந்தன. ஒவ்வொன்றின் சொரசொரப்பான வெளிப்பக்கத்திலும் உடைந்த தூணின் கறுப்புப் பிளாஸ்டிக், கழுத்துப்பட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பித்தளையும் தேயவில்லை, திருகும் தேயவில்லை, கீலும் வளையவில்லை. இவை மூன்றையும் தாங்க வேண்டிய பிளாஸ்டிக் மட்டுமே கிழிந்திருந்தது.

இது ஏன் நிகழ்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். எந்தக் கோணத்தில் விட்டாலும் திரை அப்படியே நிற்க வேண்டும் என்பதற்காக, மடிக்கணினிக் கீல்கள் உராய்வால் இறுக்கிப் பிடிப்பவையாகவே செய்யப்படுகின்றன. அந்த உராய்வை நாம் திரையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் வெல்கிறோம். அப்போது எழும் முறுக்குவிசை முழுவதும் கீலின் அடித்தகடு வழியாக அந்த மூன்று தூண்களை மேல்நோக்கிப் பிடுங்கும் இழுவையாக மாறுகிறது. காலப்போக்கில் கீலில் உள்ள கிரீஸ் வறண்டு, தூசி படிந்து, இறுக்கம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. 15.6 அங்குலத் திரையின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்குவது பலருக்கும் பழக்கம். அப்போது அந்தப் பக்கத்துக் கீலே பெரும்பங்குச் சுமையை ஏற்கிறது. கல்லூரிப் பேருந்தின் நெரிசலில் புத்தகப்பையோடு அமுங்குவதும், வெயிலில் நின்ற வண்டிக்குள் கிடந்து பிளாஸ்டிக் சூடேறுவதும் எஞ்சிய வேலையை முடித்துவைக்கின்றன. தேக்கு நிலையில் அறைந்த கதவுக்கீல் இரண்டு தலைமுறை உழைப்பதும், அதே கீலை மரத்தூள் பலகை அலமாரியில் அறைந்தால் இரண்டே ஆண்டில் ஆணியோடு பெயர்ந்து வருவதும் தச்சர்கள் அறிந்த செய்தி. இங்கும் குற்றம் கீலுடையது அன்று, அது வேரூன்றிய இடத்துடையது.

பழுதுபார்த்த முறையை, செய்துபார்க்க விரும்புவோருக்காக விவரமாகவே எழுதுகிறேன். நொடியில் ஒட்டும் பசையைப் பலர் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். அது கெட்டியானபின் நொறுங்கும் தன்மை கொண்டது, உரித்தெடுக்கும் இழுவையைத் தாங்காது, அதன் ஆவி பக்கத்துப் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் படலமாகவும் படியும். ஆகவே இரண்டு குழல்களில் வரும், மெதுவாக இறுகும் எபோக்சியை எடுத்துக்கொண்டேன். முதலில் உடைந்த தூண்களின் எச்சங்களைச் செதுக்கிச் சமப்படுத்தி, அந்தப் பரப்பு முழுவதையும் முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்தேன். எபோக்சி பிளாஸ்டிக்கை நன்றாகப் பற்ற வேண்டுமானால் இந்தத் தேய்ப்பைக் குறைக்கவே கூடாது. பிறகு பழைய டெஸ்க்டாப் கேபினெட்டின் பக்கத் தகட்டிலிருந்து, கீலின் அடித்தகட்டைவிட மூன்று மடங்கு பரப்புள்ள துண்டு ஒன்றை வெட்டி, அரத்தால் விளிம்புகளை மழுக்கி, மூன்று துளைகளிட்டுப் பித்தளை உருளைகளை அவற்றில் பொருத்தினேன். தகட்டையும் உருளைகளையும் சேர்த்து எபோக்சியில் பதித்து, மரைக்குள் பசை இறங்காதிருக்கத் திருகுகளில் லேசாக கிரீஸ் தடவி முடுக்கி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் விட்டேன். இழுவை இப்போது மூன்று புள்ளிகளில் குவியாமல் ஒரு பெரிய பரப்பில் பரவுகிறது.

இவ்வளவையும் செய்துவிட்டுக் கீலின் இறுக்கத்தைக் குறைக்காமல் விட்டால் பயனில்லை. பெரும்பாலான கீல்களின் முனையில் ஒரு சிறு நட்டு இருக்கும். அதைக் கால் சுற்று தளர்த்தி, அச்சில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பலமுறை மடக்கி விரித்ததில், திரை நழுவாமலும் முரண்டு பிடிக்காமலும் நிற்கும் நிலை கிடைத்தது. இடதுபுறக் கீல் இன்னும் உடையவில்லை என்றாலும் அதையும் அதே அளவு தளர்த்தினேன். இரண்டும் ஒத்த இறுக்கத்தில் இல்லாவிட்டால், இறுக்கமான பக்கம் தனியாகச் சுமையை வாங்கிக்கொள்ளும்.

இனி ஆடிட்டர் நண்பரின் இயந்திரம். அதன் கீல்களைத்தான் முதலில் பார்த்தேன். பார்த்தவுடன் மனம் நிறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரே அலுமினியப் பாளத்தைக் கடைந்தெடுத்த மேல்தட்டில் மரைகளை உலோகத்திலேயே வெட்டி, எஃகுத் திருகுகளால் கீல்களை முடுக்கியிருக்கிறார்கள். ஒரு விரலால் மூடியைத் தூக்கினால் அடிப்பாகம் மேசையைவிட்டு எழவில்லை. இயந்திரத்தை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி முறுக்கிப் பார்த்தாலும் ஒரு முனகல் இல்லை. பிளாஸ்டிக் இயந்திரத்தில் அப்படிச் செய்தால் விசைப்பலகையின் நடுப்பகுதி நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த நெளிவு அழகுக் குறை மட்டுமன்று. உள்ளே சில்லுகள் அமர்ந்த முதன்மைப் பலகையான மதர்போர்டும் அதோடு சேர்ந்து நெளிகிறது, அதன்மேல் பற்றவைத்த சில்லுகளின் அடியில் உள்ள ஈயமில்லாப் பற்றுகள் அந்த நெளிவைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே, எலும்புக்கூட்டைப் பொறுத்தவரை கூடுதல் விலைக்குக் கூடுதல் உறுதி உண்டு என்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அவர் அதைக் கொண்டுவந்தது டச்பேட் அழுந்தவில்லை என்பதற்காக. கீழ்மூடியைத் திறந்தபோது காரணம் புலப்பட்டது. தட்டையாக இருக்க வேண்டிய லித்தியம் பாலிமர் பேட்டரியின் உறைகளில் இரண்டு உப்பி, டச்பேட்டின் அடிப்பாகத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன. வெள்ளியுறையின் மேற்பரப்பில் சுருக்கமே இல்லாமல், இழுத்துக் கட்டிய தோல்போல் பளபளத்தது. அலுவலக மேசையில் ஆண்டு முழுவதும் சார்ஜரோடு இணைந்தபடி, எப்போதும் நூறு சதவீதத்தில், மதுரை வெயிலில் மதிய வேளைகளில் மின்விசிறிக் காற்று மட்டும் உள்ள அறையில் கிடந்த பேட்டரி அது. முழுச் சார்ஜ் நிலையும் வெப்பமும் சேரும்போது உள்ளிருக்கும் மின்பகுநீர் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. உறை காற்றுப்புகாதது என்பதால் வாயு வெளியேற வழியின்றி உப்புகிறது. விலை கூடியதா குறைந்ததா என்பதை இந்த வேதியியல் பார்ப்பதில்லை.

வேறுபாடு அதை வெளியே எடுப்பதில்தான் வந்தது. அக்கா மகளின் இயந்திரத்தில் பேட்டரியை நான்கு திருகுகளை அவிழ்த்துக் கையில் எடுத்துவிடலாம். இந்த மெல்லிய இயந்திரத்தில், தடிமனை ஓரிரு நூல் குறைப்பதற்காகப் பேட்டரியைச் சுற்றியிருக்க வேண்டிய சட்டத்தையே தவிர்த்து, உறைகளை நேராக அலுமினியத் தட்டில் பசையால் ஒட்டியிருந்தார்கள். உப்பிய பேட்டரியை நெம்புவது விளையாட்டன்று. உறை கிழிந்தால் தீப்பற்றக்கூடும். சார்ஜ் நன்றாக இறங்கிய பிறகு, மொட்டைமாடியில், பக்கத்தில் மணல் வாளி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினேன். பசையின் ஓரங்களில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, மீன்பிடி நைலான் நரம்பை அடியில் நுழைத்து இருபுறமும் பிடித்து மெல்ல அறுத்து அறுத்து நகர்த்தினேன். உலோகக் கருவி எதையும் அருகில் கொண்டுசெல்லவில்லை. பொறுமையாகச் செய்தால் வந்துவிடுகிறது. ஆனால் மதிப்புள்ள ஓர் இயந்திரத்தில், கட்டாயம் சில ஆண்டுகளில் தேயும் என்று வடிவமைத்தவருக்கே தெரிந்த ஒரு பாகத்தை இப்படி ஒட்டி வைத்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல் விற்கப்படும் கருவிகளில் கையடக்கப் பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று விதிக்கிறது. வடிவமைப்பாளர்கள் அந்த விதிக்காகவாவது மனம் மாறினால் நம் ஊருக்கும் அதன் பலன் வந்து சேரும். தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் பெற்ற கனத்த இயந்திரங்களில், அடியில் உள்ள தாழ்ப்பாளைத் தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். அந்த வசதி அப்போது எந்தச் சிறப்பும் இல்லாத ஒன்றாக இருந்தது.

அதே இயந்திரத்தில் மெமரி மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. எட்டு ஜிபி என்றால் கடைசிவரை எட்டு ஜிபிதான். விசைப்பலகை மேல்தட்டோடு எண்ணற்ற குட்டி ரிவெட்டுகளால் அறையப்பட்டிருந்தது; ஒரு டம்ளர் தேநீர் சிந்தினால் மேல்தட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். நேர்மையாகச் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் மலிவான இயந்திரமும் மேலானதன்று. அங்கே ரிவெட்டுக்குப் பதிலாக உருக்கி மழுக்கிய பிளாஸ்டிக் முளைகள் இருந்தன. ஆனால் அதில் மெமரிக்கு ஒரு காலி இடமும், எஸ்.எஸ்.டி.-க்கு ஓர் இடமும், பழைய இரண்டரை அங்குல வட்டுக்குத் தனி இடமும் இருந்தன. மலிவானவை திறந்த மனத்தோடு கட்டப்பட்டவை என்பதன்று இதன் பொருள். ஒரே உடலில் பல விலைகளுக்கு ஏற்றபடி பாகங்களை மாற்றி விற்க வேண்டியிருப்பதால் அந்த இடங்கள் நமக்கு மிச்சமாகின்றன.

ஆடிட்டருக்கு இன்னொரு குறையும் இருந்தது. “சார், சார்ஜ் போட்டுட்டு மேல கை வெச்சா எறும்பு ஊர்ற மாதிரி சுருசுருங்குது” என்றார். மல்டிமீட்டரை மாறுமின்னழுத்தத்தில் வைத்து, ஒரு முனையை அலுமினிய உடலிலும் மறு முனையை நம்பகமான எர்த்திலும் தொட்டபோது நூறு வோல்ட்டை ஒட்டிய அளவு காட்டியது. பார்க்க அச்சமாக இருந்தாலும் இது பழுதன்று. சார்ஜருக்குள் மின்காந்த இரைச்சலை அடக்குவதற்காக, மின்வழங்கல் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு பாதுகாப்பு மின்தேக்கியை வைத்திருப்பார்கள். அதன் வழியாகக் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவான கசிவு உடலுக்கு வருகிறது. மூன்று முள் சார்ஜரும் முறையாக இணைந்த எர்த்தும் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். அவருடைய அலுவலகம் இருப்பதோ மாசி வீதிகளுக்கும் கோயிலுக்கும் நடுவே உள்ள பழைய கட்டிடம். சுவரில் மூன்று துளை சாக்கெட் இருந்தது, பின்னால் எர்த் கம்பி எதோடும் இணையவில்லை. பிளாஸ்டிக் உடலிலும் இதே கசிவு உண்டு, ஆனால் கை உணராது. உலோக உடல் தன்னளவில் தரத்தின் சான்றன்று என்பதற்கு இதையும் ஒரு காரணமாகக் கொள்கிறேன். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் இணைத்தபின் மீட்டர் ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். நாம் வெவ்வேறாக நினைக்கும் பல பிராண்டுகளின் மடிக்கணினிகளைச் செய்து தருபவை குவான்டா, காம்பால், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகட்ரான் போன்ற தைவானிய நிறுவனங்கள்தாம். மலிவானதும் விலை கூடியதும் இதே நிறுவனங்களின் ஆலைகளிலிருந்து வெளிவரக்கூடும். திருகு முடுக்குபவரின் கைத்திறத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. வேறுபாடு முழுவதும், வடிவமைக்கும்போது எதற்குப் பணம் ஒதுக்கினார்கள் என்பதில் இருக்கிறது. ஒதுக்கிய பணம் தவறான இடத்துக்குப் போனால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை என்பதற்குப் பொதுவெளியில் பதிவான சான்றுகள் உண்டு. ஆப்பிள் 2015-இல் 12 அங்குல மேக்புக்கில் கொண்டுவந்த பட்டாம்பூச்சி வகை விசைப்பலகை (விசைகளின் அடியில் சிறகுபோல் விரியும் தாங்கிகள் கொண்டது), தடிமனைக் குறைக்கும் முயற்சியில் பிறந்தது. தூசி நுழைந்தால் விசைகள் சிக்கிக்கொள்வதும் ஒரே எழுத்து இரண்டு முறை விழுவதுமாக இருந்து, 2018 ஜூனில் அந்த நிறுவனமே இலவசப் பழுதுநீக்கத் திட்டத்தை அறிவித்தது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில் தாங்கிகள் கத்தரிபோல் குறுக்கிட்டு நிற்கும் பழைய கத்தரி வகைக்கே திரும்பினார்கள்; 2022-இல் அமெரிக்க வழக்கொன்றில் 5 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டார்கள். அதற்கு முன்பே, 2008 ஜூலையில், என்விடியா தன் மடிக்கணினி வரைகலைச் சில்லுகள் சிலவற்றில் சில்லும் அதன் உறையும் சேரும் பொருள் வலுக்குறைந்து செயலிழப்பதாகச் சொல்லி, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது; தனி வரைகலைச் சில்லு என்பதே அன்று விலை கூடிய இயந்திரங்களில் வருவதாக இருந்தது.

உறைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் ‘ராணுவத் தரம்’ என்ற வில்லையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனைமுறைத் தொகுப்பு. அதன் ‘எச்’ பதிப்பு 2019-இல் வந்தது. வெப்பம், ஈரம், தூசி, அதிர்வு, விழுதல் என்று பல சோதனை முறைகளை அது விவரிக்கிறது. எந்தெந்தச் சோதனையை எந்த அளவில் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ளலாம். தேர்ச்சி பெற்றதாகச் சான்றளிக்கும் அமைப்பு எதுவும் இல்லை. விழுதல் சோதனையில், 26 முறை போட வேண்டியதை ஐந்து இயந்திரங்கள்வரை பங்கிட்டுக்கொள்ளவும் அதில் இடமுண்டு. எனவே, எந்தச் சோதனைகள் என்று பட்டியல் தராத வில்லைக்கு என்னிடம் மதிப்பில்லை.

மூன்றாவது இயந்திரத்தைத் திறந்தபோது கிடைத்த அனுபவம் வேறு. கீழ்மூடியின் திருகுகள் தளர்ந்தபின்னும் மூடியைவிட்டுக் கீழே விழுவதில்லை. திருகு தொலைந்துபோகும் என்பதை யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். உள்ளே மக்னீசியக் கலவையாலான சட்டம். கீலின் திருகுகள் அந்தச் சட்டத்தில் இறங்குகின்றன. வெளித்தோற்றம் என்னவோ மங்கிய கறுப்புப் பிளாஸ்டிக்தான். கடையில் இதையும் அலுமினிய இயந்திரத்தையும் பக்கத்தில் வைத்தால் எவரும் இதை இரண்டாவது முறை பார்க்கமாட்டார். விசைப்பலகை இரண்டு திருகுகளில் நிற்கிறது, அடியில் நீர் வடிந்தோடத் துளைகள் உண்டு. மெமரி கழற்றி மாட்டக்கூடியது, வைஃபை அட்டையும் அப்படியே. கழற்றும் வரிசை, எந்தத் திருகு எந்த நீளம், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் படத்தோடு தயாரிப்பாளரின் பழுதுநீக்கக் கையேட்டில் இருக்கிறது. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலைட்புக் வரிசைகளுக்கு இத்தகைய கையேடுகளை எவரும் இறக்கிக்கொள்ளலாம். வாங்கும்முன் கையேட்டில் பேட்டரி, விசைப்பலகை, கீல் ஆகிய மூன்றின் பக்கங்களை மட்டும் பார்த்தாலே இயந்திரத்தின் குணம் தெரிந்துவிடும் என்பது என் துணிபு.

இதை இவ்வாறு கட்டியதற்குக் காரணம் கருணையன்று. ஆயிரக்கணக்கில் வாங்கும் நிறுவனங்கள் மூன்று முதல் ஐந்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு வாங்குகின்றன. பழுது நேர்ந்தால் ஊழியரின் மேசைக்கே போய்ச் சரிசெய்து தரும் செலவு தயாரிப்பாளரின் தலையில் விழுகிறது. பழுதுபார்க்கும் நேரம் தம் சொந்தக் காசாக இருக்கும்போது வடிவமைப்பாளர்கள் பழுதுபார்க்க எளிதாகக் கட்டுகிறார்கள். அதே வேளையில், இதன் திரையில் சிக்கனம் பிடித்திருக்கிறார்கள். வெளிச்சமும் குறைவு, நிறங்களும் வெளிறியவை. சன்னல் பக்கம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். ஆடிட்டரின் திரையோடு ஒப்பிட்டால் இது பரிதாபம். திரையில் அவருடைய பணம் வீணாகவில்லை.

மூன்றையும் ஒரே அறையில், ஏ.சி. இல்லாமல், பிற்பகலில் முழுச் சுமை கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். அறையின் வெப்பநிலை 35 பாகையை ஒட்டியிருந்தது. மெல்லிய இயந்திரத்தின் செயலி சில நிமிடங்களிலேயே 100 பாகையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது, மலிவானது 92-இல் நின்றது, என்னுடையது 84. மலிவானதைத் திறந்திருந்தபோதே மின்விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் நடுவே பார்த்திருந்தேன்: தலைமுடியும் பருத்தித் தூசியும் கலந்து, கம்பளித் துண்டுபோல் ஒரு பட்டை அடைத்திருந்தது. தூரிகையால் அதை அப்படியே உரித்தெடுத்து, செயலியின் வெப்பத்தைக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றியபின் 81-க்கு இறங்கியது. மெல்லியதிலும் இதையே செய்தேன், 95-க்குக் கீழே இறங்கவில்லை. தகடுகள் நெருக்கமாகவும் விசிறி சிறிதாகவும் இருப்பதால், அந்த உடலில் காற்று போக அவ்வளவுதான் இடம். குளிரூட்டிய அறைகளை மனத்தில் வைத்து வரையப்பட்ட தடிமன் அது. நம் ஊரில் சித்திரை, வைகாசியில் அந்தக் கணக்கு பொய்த்துவிடுகிறது.

செலவுக் கணக்கு இது. கீல் வேலைக்கு எபோக்சியும் உப்புத்தாளும் சேர்த்து 200 ரூபாய்க்குள் முடிந்தது. கடையில் கொடுத்திருந்தால் மேல்தட்டை மாற்ற 4,500 கேட்டிருந்தார்கள். ஆடிட்டரின் பேட்டரிக்கு 8,500 ரூபாய். அது மதுரையில் கிடைக்காமல் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. உப்பிய பழையதைக் குப்பையில் போடாமல், மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்தேன். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் அதைத்தான் கோருகின்றன. புதிய பேட்டரியைப் பொருத்தும்போது உரித்தெடுக்கத்தக்க இழுவைப் பட்டைகளையே ஒட்டினேன், அடுத்த முறை மாற்றுபவருக்கு நைலான் நரம்பு தேவைப்படாது. சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைப்பையும் மாற்றிக் கொடுத்தேன்.

ஆடிட்டரின் மகள் இந்த ஆண்டு கட்டிடக்கலை படிக்கச் சேர்கிறாள். எதை வாங்குவது என்று கேட்டார். நிறம் துல்லியமாகத் தெரிய வேண்டிய படிப்பு என்பதால் என்னுடையதைப் போன்ற செகண்ட் ஹேண்ட் இயந்திரத்தைப் பரிந்துரைக்கவில்லை. திருகில் நிற்கும் பேட்டரியும் மாற்றக்கூடிய மெமரியும் உள்ள, சற்றுக் கனத்த 16 அங்குல இயந்திரம் ஒன்றைக் கையேட்டைப் பார்த்துத் தேர்ந்தோம்; அவர் மனத்தில் வைத்திருந்த மெல்லியதைவிட அது 18,000 ரூபாய் குறைவாக இருந்தது. அந்தத் தொகையில் ஒரு பகுதியை மூன்றாண்டு உத்தரவாத நீட்டிப்புக்கும், மீதியைத் தனியாக ஒரு திரைக்கும் ஒதுக்கியிருக்கிறார்.